வியன்னாவுக்குப் பின் 239 ஆண்டுகள்: உதுமானியப் பேரரசு எப்படிக் கரைந்தது?

1683 செப்டம்பர் 12. வியன்னா நகரை இரண்டு மாதமாக முற்றுகையிட்டிருந்த உதுமானியப் படைமீது போலந்து மன்னர் ஜான் சோபியெஸ்கியின் குதிரைப்படை மலைச்சரிவிலிருந்து பாய்ந்து இறங்கியது. ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. படைத் தலைவர் காரா முஸ்தபா பாஷாவை அந்த டிசம்பரில் பெல்கிரேடில் வைத்து, சுல்தானின் உத்தரவுப்படி, பட்டுக் கயிற்றால் கழுத்தை இறுக்கிக் கொன்றார்கள். பேரரசின் சரிவு இங்கே தொடங்குகிறது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். கடைசி சுல்தான் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி இஸ்தான்புல்லை விட்டு வெளியேறியது 1922 நவம்பரில். நடுவே 239 ஆண்டுகள். பிளாசிப் போர் முதல் 1947 வரை ஆங்கிலேயர் இந்தியாவை ஆண்டதே 190 ஆண்டுகள்தான். இவ்வளவு நீண்ட காலத்தை ஒரே சறுக்கலாகப் பார்த்தால் நடந்தது எதுவும் பிடிபடாது.

நம் பள்ளிப் பாடங்களில் ஆட்டோமானியர் என்று வருபவர்கள் இவர்களே. 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், அதனால் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள் என்று ஒரு பாடம். அப்புறம் நேராக முதல் உலகப் போரும் கிலாபத் இயக்கமும். நடுவில் இருக்கும் நூற்றாண்டுகளை 'ஐரோப்பாவின் நோயாளி' என்ற ஒரே பட்டப்பெயர் நிரப்பிவிடுகிறது. ரஷ்ய ஜார் முதலாம் நிக்கலஸ் 1853-இல் பிரிட்டிஷ் தூதரிடம் பேசும்போது உதுமானிய அரசை நோயாளி என்று குறிப்பிட்டதிலிருந்து பரவியது அது. சொத்தை எப்படிப் பங்கு போடலாம் என்று பேச வந்தவரின் பேச்சு என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த அரசு படுத்துக் கிடக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் அதைச் சீர்திருத்தப் பார்த்தது. படை, சட்டம், பள்ளி, வரி, நாடாளுமன்றம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தது. அதை வீழ்த்தியவை, என் பார்வையில், ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த இரண்டு விஷயங்கள். ஒன்று, சீர்திருத்தத்துக்கான பணம் அதன் கையில் இல்லை. கொடுக்க முன்வந்தவர்களோ அதன் பலவீனத்தில் லாபம் பார்த்தவர்கள். இரண்டு, பல இன மக்களைச் சேர்த்து வைத்திருந்த பழைய ஏற்பாட்டைக் கைவிட்டு 'எல்லோரும் சமம்' என்று அது அறிவித்தபோது, அதை நம்பி இருக்க யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

அந்தப் பழைய ஏற்பாடு என்ன?

சுலைமான் ஆண்ட 1520 முதல் 1566 வரையிலான காலத்தில் ஹங்கேரி முதல் ஏமன் வரை, அல்ஜீரியா முதல் ஈராக் வரை அந்த அரசு பரந்திருந்தது. துருக்கியர், அரபியர், கிரேக்கர், செர்பியர், பல்கேரியர், அல்பேனியர், ஆர்மீனியர், குர்துகள், யூதர்கள் என்று எண்ணி மாளாது. இவர்களை ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்று அரசு நினைக்கவேயில்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் ஜிஸ்யா வரி கட்ட வேண்டும்; சில இடங்களில் தாழ்ந்தே போக வேண்டும்; ஆனால் திருமணம், வாரிசுரிமை, கல்வி எல்லாம் அவரவர் சமயத் தலைவரின் கையில். மில்லத் என்று பின்னாளில் பெயர் பெற்ற முறை இதுதான். சமத்துவம் இல்லை. ஆனால் 1492-இல் ஸ்பெயின் தன் யூதர்களை விரட்டியபோது அவர்களில் பலருக்கு இடம் கொடுத்தது இந்த அரசுதான். அவர்கள் குடியேறிய சலோனிக்கா நகரில், 400 ஆண்டுகள் கழித்தும் யூதர்களே மிகப் பெரிய சமூகம். வீட்டில் பழைய ஸ்பானிய மொழி பேசினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் அவர்களே என்பதால், சனிக்கிழமை ஓய்வுநாளில் அந்தத் துறைமுகமே மூடிக் கிடந்தது.

மேல்தட்டிலும் இதே கலப்பு. கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களைக் கட்டாயமாக எடுத்துவந்து, மதம் மாற்றி, படையிலும் நிர்வாகத்திலும் வளர்த்தார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் கொடுமை அது. அதை அழகாகப் பேச ஒன்றுமில்லை. அப்படி எடுக்கப்பட்ட ஒரு செர்பியச் சிறுவன்தான் 1565 முதல் 1579 வரை தலைமை அமைச்சராக இருந்த சொகொல்லு மெஹ்மத் பாஷா. அவர் விசிர்கள் எனப்பட்ட மூத்த அமைச்சர்களில் ஒருவராக இருந்தபோது, 1557-இல், செர்பியத் திருச்சபையின் தலைமைப்பீடம் மீண்டும் நிறுவப்பட்டது. அதில் அமர்ந்தவர் அவருடைய உறவினர் மக்காரியே. ஒரே குடும்பத்தில் ஒருவர் இஸ்லாமியப் பேரரசின் அமைச்சர், இன்னொருவர் கிறிஸ்தவத் திருச்சபையின் தலைவர். பின்னாளில் அயல்நாட்டுப் பேச்சுவார்த்தைகளைக் கவனித்தவர்கள் இஸ்தான்புல்லின் ஃபெனர் பகுதிக் கிரேக்கக் குடும்பங்கள். சுல்தானின் தோல்மாபாஹ்சே அரண்மனையைக் கட்டியவர்கள் பல்யான் என்ற ஆர்மீனியக் குடும்பத்தார்.

இந்த அமைப்பில் முதலில் ஆட்டம் கண்டது வரவு செலவுதான்.

தொடக்கத்தில் குதிரைவீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஊர்களின் வரியை ஒதுக்கினார்கள். போர் வந்தால் அவர்கள் ஆயுதத்தோடு வந்துவிடுவார்கள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கி ஏந்திய காலாட்படை தேவைப்பட்டது. அதற்குக் கையில் ரொக்கம் வேண்டும். 1580-களில் வெள்ளி நாணயத்தின் மதிப்பைக் கடுமையாகக் குறைத்தார்கள், விலைவாசி ஏறியது, சம்பளம் வாங்கிய படையினர் கலகம் செய்தார்கள். ரொக்கத்துக்காக வரி வசூலையே ஏலம் விடத் தொடங்கினார்கள். முன்பணம் கட்டியவர் ஊரில் வரி பிரித்துக்கொள்ளலாம். ஒரு வருஷக் குத்தகைக்குத் தோப்பு எடுத்தவன் மரத்துக்கு எரு வைக்க மாட்டான். குடியானவர்களுக்கு அதுதான் நேர்ந்தது. இதைச் சரிசெய்ய 1695-இல் ஆயுள் குத்தகை கொண்டுவந்தார்கள். அதன் பலன் வேறு மாதிரி ஆனது. குத்தகைக்காரர்கள் மாகாணங்களில் வேரூன்றினார்கள், சொந்தப் படை வைத்தார்கள். 1800 வாக்கில் அல்பேனியா, கிரேக்கப் பகுதிகளில் தெப்பெதெலென்லி அலி பாஷா ஏறக்குறைய தனி அரசராகவே இருந்தார். மையத்துக்கு வந்து சேர்ந்தது மொத்த வரியில் ஒரு பங்குதான்.

படையின் கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் ஐரோப்பாவை நடுங்கவைத்த ஜானிசரிகள் என்ற சுல்தானின் நிரந்தரக் காலாட்படையினர் 18-ஆம் நூற்றாண்டில் கடைக்காரர்களாகவும் கைவினைஞர்களாகவும் மாறியிருந்தார்கள். அவர்களின் சம்பளச் சீட்டுகள் சந்தையில் வாங்கி விற்கப்பட்டன. போருக்கே போகாதவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கஜானாவில் பணம் வாங்கினார்கள். இவர்களுக்குச் சமையல் கொப்பரைதான் படையின் அடையாளம். அதிகாரிகளின் பதவிப் பெயர்களே சமையலறையிலிருந்து வந்தவை. சுல்தான்மேல் கோபம் வந்தால் அந்தக் கொப்பரையை வெளியே கொண்டுவந்து கவிழ்த்துப் போடுவார்கள். அரசின் சோறு வேண்டாம் என்று பொருள். பல சுல்தான்களின் ஆட்சி அதோடு முடிந்தது. புதிய முறைப் படையைத் தொடங்கிய மூன்றாம் செலீமை 1807-இல் இறக்கினார்கள். அடுத்த ஆண்டு அவர் கொல்லப்பட்டார்.

இதை மட்டும் பார்த்து ஜானிசரிகளை வெறும் வில்லன்களாக்குவது சரியில்லை என்றும் சொல்ல வேண்டும். நகரத்துச் சாதாரண மக்களோடு கலந்திருந்த அவர்கள்தான் அரண்மனைக்கு இருந்த ஒரே கடிவாளம். 1826 ஜூனில் இரண்டாம் மஹ்மூத் அவர்களின் முகாமைப் பீரங்கியால் தகர்த்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றொழித்தார். பழைய படை போனது, புதிய படை இன்னும் உருவாகவில்லை. அந்த இடைவெளியில் அடி மேல் அடி விழுந்தது. 1827-இல் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து நவரினோவில் கப்பற்படையை அழித்தன. 1829-இல் ரஷ்யப் படை எதிர்னே வரை வந்தது. 1830-இல் கிரேக்கம் தனி நாடானது. 1832 டிசம்பரில், சுல்தானின் சொந்த ஆளுநரான எகிப்தின் முகமது அலியின் படையே அனத்தோலியாவுக்குள் புகுந்து கோன்யாவில் சுல்தானின் படையைத் தோற்கடித்தது. சுல்தான் யாரிடம் உதவி கேட்டார் தெரியுமா? நான்கு ஆண்டுகளுக்கு முன் தன்னோடு போரிட்ட ரஷ்யாவிடம்.

வெளியாரின் பிடி இறுகிய விதத்துக்கு இரண்டு ஒப்பந்தங்கள் முக்கியம்.

முதலாவது 1774-இல் ரஷ்யாவோடு செய்த குச்சுக் கைனார்ஜா ஒப்பந்தம். கிரிமியா சுல்தானின் கையை விட்டுப் போனது. 1783-இல் ரஷ்யா அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பெருவாரியாக முஸ்லிம்கள் வாழ்ந்த ஒரு நிலப்பகுதியைக் கிறிஸ்தவ அரசிடம் இழந்தது அவர்கள் மனதில் ஆறாத வடு. அதைவிட ஆபத்தானது, அந்த ஒப்பந்தத்தின் ஒரு பிரிவை நீட்டிப் படித்து, சுல்தானின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் குடிமக்கள் சார்பில் பேசத் தனக்கு உரிமை உண்டு என்று ரஷ்யா உரிமை கொண்டாடியது. பிரான்ஸ் கத்தோலிக்கர்களுக்குக் காவலன் என்றது. அதற்குப் பிறகு ஒரு ஊரில் நடக்கும் தகராறுகூட வல்லரசுகளின் விவகாரமாக முடியும்.

இரண்டாவது 1838-இல் பிரிட்டனோடு செய்த வணிக ஒப்பந்தம். இறக்குமதிக்கு 5 சதவீதம், ஏற்றுமதிக்கு 12 சதவீதம் என்று சுங்கவரி நிர்ணயிக்கப்பட்டது. மற்ற ஐரோப்பிய நாடுகளும் வரிசையில் வந்து அதே சலுகையை வாங்கிக்கொண்டன. உள்ளூர் வணிகர் தன் சரக்கை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோனால் உள்நாட்டுச் சுங்கம் கட்ட வேண்டும். வெளிநாட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளூர்க் கிறிஸ்தவ, யூத வணிகர்கள் பலர் ஏதாவதொரு தூதரகத்தின் பாதுகாப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு அதே சலுகைக்குள் நுழைந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அக்கம்பக்கத்து முஸ்லிம் கடைக்காரருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1907-இல் சுங்கவரியை 8 சதவீதத்திலிருந்து 11 ஆக உயர்த்த, அந்த அரசு வல்லரசுகளிடம் பல ஆண்டுகள் பேரம் பேச வேண்டியிருந்தது. தன் துறைமுகத்தில் தானே வரி விதிக்க முடியாத அரசு எதை வைத்துப் பள்ளிக்கூடம் கட்டும், எதை வைத்துத் தொழிலை வளர்க்கும்?

இவ்வளவு நெருக்கடிக்கு நடுவில்தான் 1839 நவம்பர் 3 அன்று, அரண்மனையின் குல்ஹானே தோட்டத்தில் முஸ்தபா ரெஷித் பாஷா ஒரு பிரகடனத்தை வாசித்தார். உயிர், மானம், சொத்துக்குப் பாதுகாப்பு, முறையான வரி, விசாரணையில்லாமல் தண்டனை இல்லை, எல்லா மதத்தாருக்கும் இது பொருந்தும். தன்ஸிமாத் என்ற சீர்திருத்தக் காலம் அதோடு தொடங்கியது. 1856-இல் வந்த இன்னொரு பிரகடனம் அரசு வேலை, பள்ளி, நீதிமன்றம் எல்லாவற்றிலும் முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சம உரிமை என்றது. 1869-இல் மதத்தைப் பொருட்படுத்தாத குடியுரிமைச் சட்டம் வந்தது. ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்ததே 1861-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இவை சின்ன விஷயங்கள் அல்ல.

சரி, ஏன் பலிக்கவில்லை? பழைய ஏற்பாட்டில் தாழ்ந்திருந்தவர்களுக்கும் அதில் ஏதோ ஒன்று கிடைத்திருந்தது. புதியதில் எல்லோருக்கும் ஏதாவது குறைந்தது. தாங்கள்தான் ஆளும் சமூகம் என்ற நினைப்பு முஸ்லிம்களிடமிருந்து போயிற்று. கிரேக்கத் திருச்சபைக்கு மற்றக் கிறிஸ்தவர்களைவிட இருந்த முதலிடம் போயிற்று. ஜிஸ்யா நீங்கியது, அதற்குப் பதில் ராணுவ விலக்கு வரி என்று கிட்டத்தட்ட அதே தொகை வந்தது. அதற்குள் தேசியம் என்ற எண்ணம் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி முழுக்கப் பரவியிருந்தது. ரத்தமும் சிந்தியிருந்தது. 1821-இல் கிரேக்கக் கிளர்ச்சி தொடங்கியபோது, கிளர்ச்சியாளர்களைச் சபித்து அறிக்கை விட்டிருந்த திருச்சபைத் தலைவர் ஐந்தாம் கிரிகோரியையே ஈஸ்டர் ஞாயிறன்று அவருடைய ஆலய வளாக வாசலில் தூக்கிலிட்டார்கள். அந்த வாசல் கதவை அதற்குப் பிறகு இன்றுவரை திறக்கவில்லை. அதே ஆண்டில் திரிபொலிட்சா நகரில் கிளர்ச்சியாளர்கள் முஸ்லிம்களையும் யூதர்களையும் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். இதையெல்லாம் பார்த்த ஒரு தலைமுறையிடம் ஒரு பிரகடனம் எவ்வளவு பேச முடியும்?

ஆனாலும் முயன்றவர்கள் இருந்தார்கள். எனக்கு மிதாத் பாஷாவின் மேல் தனி மதிப்பு உண்டு. 1863-இல், இன்று செர்பியாவில் இருக்கும் பிரோத் ஊரில், வட்டிக்காரர்களிடம் சிக்கிய விவசாயிகளுக்காக ஒரு கடன் நிதியை அவர் தொடங்கினார். துருக்கியின் ஸிராத் வேளாண் வங்கி இன்றும் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. அடுத்து தன்யூப் மாகாண ஆளுநராகச் சாலையும் பாலமும் பள்ளியும் கட்டினார்; கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து உட்காரும் மாகாண மன்றத்தை நடத்தினார். 1876 டிசம்பர் 23 அன்று வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் பின்னால் இருந்த முக்கியமான மூளையும் அவருடையதே. 1877 மார்ச்சில் கூடிய முதல் நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முஸ்லிம் அல்லாதவர்கள். அமைச்சர்களை அவர்கள் கேள்வி கேட்ட விதம் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதுக்குப் பொறுக்கவில்லை. ரஷ்யப் போரைக் காரணம் காட்டி 1878 பிப்ரவரியில் மூடினார். மீண்டும் திறக்க 30 ஆண்டுகள் ஆயின. மிதாத் பாஷா நாடு கடத்தப்பட்டு, 1884-இல் தாயிஃப் சிறையில் கொல்லப்பட்டார்.

இனி கடனுக்கு வருவோம். கதையின் மையம் அதுதான்.

கிரிமியப் போரில் பிரிட்டனும் பிரான்சும் சுல்தானின் பக்கம் நின்று ரஷ்யாவை எதிர்த்தன. அந்தப் போர்ச் செலவுக்காக 1854-இல் முதல் வெளிநாட்டுக் கடன், 30 லட்சம் பவுன். எகிப்து ஆண்டுதோறும் கட்டும் கப்பத் தொகையை அடமானம் வைத்தார்கள். லண்டனிலும் பாரிஸிலும் பணம் குவிந்து கிடந்த காலம் அது. உதுமானியப் பத்திரத்துக்கு நல்ல வட்டி. 20 ஆண்டுகளில் கடன் மேல் கடன். கொஞ்சம் ரயில்பாதைக்கும் படைக்கும் கப்பல்களுக்கும் போனது, கொஞ்சம் அரண்மனைகளுக்கும் போனது. பெரும்பகுதி பழைய கடனின் வட்டிக்கே போனது. பத்திரங்கள் முகமதிப்பைவிட வெகு குறைவாக விற்றதால், கையில் வந்தது குறைவு, திருப்ப வேண்டியது முழுசு. 1873-இல் ஐரோப்பியப் பங்குச் சந்தைகள் சரிந்தன, அதே நேரத்தில் அனத்தோலியாவில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1875-இல் மொத்தக் கடன் சுமார் 20 கோடி பவுன்; அரசு வருவாயில் பாதிக்கு மேல் கடனுக்கே போனது. அந்த அக்டோபரில் வட்டியில் பாதியைத்தான் ரொக்கமாகத் தர முடியும் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அதுவும் நின்றது. அதே நேரத்தில் பொஸ்னியாவிலும் பல்கேரியாவிலும் கிளர்ச்சி. 1876 ஒரே ஆண்டில் மூன்று சுல்தான்கள். 1877-இல் ரஷ்யப் படையெடுப்பு. 1878 பெர்லின் மாநாட்டில் செர்பியா, ருமேனியா, மான்டெனெக்ரோ தனி நாடுகளாயின. பல்கேரியா பாதி சுதந்திரம் பெற்றது. பொஸ்னியா ஆஸ்திரியாவின் கைக்கும், சைப்ரஸ் பிரிட்டனின் கைக்கும் போயின.

1881-இல் கடன்காரர்கள் இஸ்தான்புல்லிலேயே அலுவலகம் திறந்தார்கள். பொதுக் கடன் நிர்வாகம் என்று பெயர். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி பத்திரதாரர்களின் பிரதிநிதிகள் அதன் குழுவில் இருந்தார்கள்; தலைமை பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் மாறி மாறி. உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், மது, மீன், பட்டு ஆகியவற்றின் வருவாய் நேராக அவர்களுக்கு. ஆயிரக்கணக்கான ஊழியர்களோடு அது நாட்டின் நிதி அமைச்சகத்தையே மிஞ்சி வளர்ந்தது. ஜாலோலுப் பகுதியில் அது கட்டிய மாளிகை இன்று ஒரு பள்ளிக்கூடம். புகையிலையை ஒரு ஐரோப்பியக் கம்பெனி ஏகபோகமாக எடுத்துக்கொண்டது. தன் நிலத்தில் தான் விளைத்த புகையிலையை அந்தக் கம்பெனிக்குத்தான் விற்க வேண்டும், அது சொன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும் என்றானபோது, விவசாயிகள் கடத்தலில் இறங்கினார்கள். கம்பெனியின் ஆயுதக் காவலர்கள் அவர்களைத் துரத்திச் சுட்டார்கள்.

கடனில்லாமல் கட்டிய ஒரு பெரிய வேலையும் உண்டு. டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளும் ஹிஜாஸ் ரயில்பாதை. 1900-இல் தொடங்கி 1908-இல் மதீனாவைத் தொட்டது. உலக முஸ்லிம்களின் நன்கொடை அதற்கு வந்தது. இந்திய முஸ்லிம்களும் வாரிக் கொடுத்தார்கள். பால்கனை இழந்த பிறகு அப்துல் ஹமீது தன்னை உலக முஸ்லிம்களின் தலைவரான கலீஃபாவாக முன்னிறுத்தியது வெறும் பக்தியால் மட்டுமல்ல. இழந்த மாகாணங்களிலிருந்தும் காக்கசஸிலிருந்தும் லட்சக்கணக்கான முஸ்லிம் அகதிகள் வந்து குவிந்ததால், நாட்டின் மக்கள்தொகையே மாறியிருந்தது. அந்த அரசியலின் இருண்ட பக்கம் 1894 முதல் 1896 வரை நடந்த ஆர்மீனியப் படுகொலைகள். பல்லாயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

1908 ஜூலையில், அரசியலமைப்பு ஆட்சி கேட்டுப் போராடிய இளம் துருக்கியர் இயக்கத்தாரும் சலோனிக்காப் பகுதிப் படை அதிகாரிகளும் சுல்தானைப் பணியவைத்து அரசியலமைப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தெருக்களில் இமாம்களும் பாதிரியார்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷம் உண்மையானது என்றே நான் நம்புகிறேன். மூன்றே மாதத்தில், அக்டோபரில், பல்கேரியா முழுச் சுதந்திரம் அறிவித்தது, ஆஸ்திரியா பொஸ்னியாவை இணைத்துக்கொண்டது. 1911-இல் இத்தாலி லிபியாவில் இறங்கியது. 1912 அக்டோபரில் பால்கன் நாடுகள் நான்கும் சேர்ந்து தாக்கின. நவம்பரில் சலோனிக்கா கிரேக்கத்திடம் போனது. ஐந்நூறு ஆண்டுகளாக ஆண்ட ஐரோப்பிய நிலம் சில மாதங்களில் பறிபோனது. இளம் துருக்கியத் தலைவர்கள் பலருக்குச் சொந்த ஊரே அங்கேதான். கூட்டு வாழ்க்கை என்று பேசியவர்கள், 1913 ஜனவரியில் ஆயுதத்தோடு அமைச்சரவைக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்தபோது, முற்றிலும் வேறு மனிதர்களாகியிருந்தார்கள்.

ஆனாலும் 1914-இல் பேரரசு சாகத்தான் போகிறது என்று யாரும் தீர்மானமாகச் சொல்லியிருக்க முடியாது. 1913-இல் பாரிஸில் கூடிய அரபுத் தலைவர்கள் கேட்டது மாகாணங்களுக்கு அதிகாரமும் அரபு மொழிக்கு இடமும்தான், பிரிவினை அல்ல. ஆகஸ்ட் 1914-இல், மக்களிடம் நன்கொடையும் திரட்டிப் பணம் கட்டி பிரிட்டனில் செய்ய வைத்த இரண்டு போர்க்கப்பல்களை பிரிட்டன் தனக்கென எடுத்துக்கொண்டது. நாடு கொதித்தது. அதற்குள் போர் அமைச்சர் என்வர் பாஷாவின் குழு ஜெர்மனியோடு ரகசிய ஒப்பந்தம் செய்திருந்தது. போரில் இறங்கியது ஒரு சின்னக் குழுவின் முடிவு. ஒரு பெரும் தவறு.

கல்லிபோலியில் வென்றார்கள். 1916 ஏப்ரலில் குத் நகரில் இந்தியச் சிப்பாய்கள் பெருமளவு இருந்த பிரிட்டிஷ் படையைச் சரணடைய வைத்தார்கள். ஆனால் 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மீனியத் தலைவர்களைக் கைதுசெய்ததோடு வேகமெடுத்தது அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய குற்றங்களில் ஒன்று. ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் தேர் எஸ்ஸோர் பாலைவனத்தை நோக்கி நடக்கவைத்தார்கள். மடிந்தவர்கள் 10 லட்சம் வரை, சில கணக்குகளில் அதற்கும் மேல். அரண்மனை கட்டியவர்கள், பேரரசின் சிற்பிகள், மருத்துவர்கள், கணக்காளர்கள் பிறந்த சமூகம் அது. இதை இனப்படுகொலை என்று சொல்லாமல் இந்தப் பேரரசின் வரலாற்றை எழுத முடியாது. சிரியாவில் ராணுவ ஆளுநராக இருந்த ஜெமால் பாஷா, கடைசியாக 1916 மே மாதத்தில், அரபு அறிவுஜீவிகளை பெய்ரூட்டிலும் டமாஸ்கஸிலும் பொதுச் சதுக்கங்களில் தூக்கிலிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதிகாரப் பங்கு மட்டும் கேட்டவர்களில் பலர் அதோடு மனம் விட்டுப்போனார்கள். ஒரு மாதம் கழித்து, 1916 ஜூனில், மக்காவில் அரபுக் கிளர்ச்சி வெடித்தது.

1918 அக்டோபர் 30 அன்று போர்நிறுத்தம். 1920-இல் செவ்ர் ஒப்பந்தம் மிச்சத்தையும் பங்கு போட்டது. துருக்கியத் தேசியவாதத் தலைவர் முஸ்தபா கெமாலின் படை அதை எதிர்த்து வென்றது. 1922 நவம்பர் 1 அன்று சுல்தான் பதவி ஒழிந்தது. கலீஃபா பதவிக்காக இந்தியாவில் காந்தியும் அலி சகோதரர்களும் இயக்கம் நடத்தியிருந்தார்கள். 1923 இறுதியில் இந்திய முஸ்லிம் தலைவர்களான ஆகா கானும் அமீர் அலியும் கலீஃபாவின் மதிப்பைக் காக்கச் சொல்லி எழுதிய கடிதம் இஸ்தான்புல் பத்திரிகைகளில் வெளியாக, அங்காராவில் இருந்த புதிய துருக்கி அரசு அதை அந்நியத் தலையீடாகவே எடுத்துக்கொண்டது. 1924 மார்ச் 3 அன்று கலீஃபா பதவியும் ஒழிந்தது.

மக்களைப் பிரித்த விதம்தான் என்னை மிகவும் வருத்துவது. 1923-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்புக்கொண்டன. அளவுகோல் மொழியல்ல, மதம். அனத்தோலியாவின் உள்பகுதியில் துருக்கி மொழி மட்டுமே பேசி, கிரேக்க எழுத்தில் துருக்கியை எழுதிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கிரேக்கம் மட்டுமே பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். ஏற்கெனவே ஓடிவந்தவர்களையும் சேர்த்தால் கிரேக்கத்துக்குப் போனவர்கள் சுமார் 12 லட்சம். துருக்கிக்கு வந்தவர்கள் சுமார் 4 லட்சம். கடனையும் விடவில்லை; அதே லோசான் ஒப்பந்தம் அதைப் பேரரசின் நிலத்தைப் பெற்ற நாடுகளுக்குள் பிரித்தது. துருக்கி தன் பங்கின் கடைசித் தவணையைக் கட்டியது 1954-இல்.

பழைய மில்லத் ஏற்பாட்டின் ஒரு துண்டு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. லெபனானில் அங்கீகரிக்கப்பட்ட 18 சமயப் பிரிவுகளுக்கும் திருமணம், விவாகரத்து போன்றவற்றில் அவரவர் சமயச் சட்டங்களே பொருந்தும். இஸ்ரேலிலும் திருமணச் சட்டம் அந்த வழியில்தான் வந்தது. அங்கே மதம் விட்டு மதம் மணக்க விரும்பும் ஜோடிகள் சைப்ரஸுக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு திரும்புகிறார்கள்.